குச்சியா, கட்டையா, வட்டா? பிள்ளைக்கு இடமதிப்பு சொல்லித்தர எதை எடுப்பது?

சிங்கப்பூரில் அடுத்த ஜனவரியில் தொடக்கநிலை ஒன்றுக்கு, அதாவது முதல் வகுப்புக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், நவம்பர் பிறந்ததுமே பெற்றோருக்கு ஒரு கவலை வந்துவிடும். கணக்குக்கு என்ன வாங்கிக் கொடுப்பது? கடைகளில் பொருளுக்குப் பஞ்சமில்லை. பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பக்கம் ஒரு சுற்று வந்தாலோ இணையத்தில் தேடினாலோ வண்ணக் கட்டைகள், எண் அச்சிட்ட வட்டுகள், மணிச்சட்டம், பயிற்சிப் புத்தகங்கள் என்று கண்ணைக் கட்டும். வார இறுதியில் எங்கள் வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஒரு கட்டு ஐஸ்கிரீம் குச்சியும் கொஞ்சம் ரப்பர் பேண்டும். அடுத்து, வீட்டிலேயே வெட்டிக்கொள்ளக்கூடிய எண் அட்டைகள். கட்டை, வட்டு எல்லாம் அதற்கப்புறம். காரணத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. அதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. கான்ஸ்டன்ஸ் காமி என்ற கல்வி ஆய்வாளர் இதைப் பரவலாக அறியச் செய்தார். மேசையில் 16 கொண்டைக்கடலையை வையுங்கள். பிள்ளையையே எண்ணி, தாளில் 16 என்று எழுதச் சொல்லுங்கள். இப்போது 6 என்ற இலக்கத்தைத் தொட்டு, "இது எந்தக் கடலை, காட்டு" என்று கேளுங்கள். ஆறு கடலையைத் தள்ளிக் காட்டும். அடுத்து 1 என்ற இலக்கத்தைத் தொட்டுக் கேளுங்கள். நிறையப் பிள்ளைகள் ஒரே ஒரு கடலையை எடுத்துக் காட்டுவார்கள். மீதி ஒன்பது கடலை மேசையில் அனாதையாகக் கிடக்கும், அது பிள்ளைக்கு உறுத்தாது. நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளையும் இப்படிக் காட்டும். எண்ணத் தெரிவது வேறு, இலக்கம் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும் என்ற இடமதிப்பு புரிவது வேறு. பிள்ளை பத்துக் கடலையையும் சேர்த்து அள்ளிக் காட்டினால், கீழே சொல்லப்போகும் முதல் படியைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் பாடத்திட்டம் எண்களை எவ்வளவு வேகமாக வளர்க்கிறது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தொடக்கநிலை 1-இல் 100 வரை, 2-இல் 1,000 வரை, 3-இல் 10,000 வரை, 4-இல் 100,000 வரை, 5-இல் 10 மில்லியன் வரை. ஆண்டுக்கு ஓர் இடமாவது கூடிக்கொண்டே போகிறது. முதல் இரண்டு ஆண்டில் பத்து என்ற கருத்து கைக்குள் வராவிட்டால், மூன்றாம் ஆண்டில் பிள்ளை இலக்கங்களை வரிசையாக அடுக்கத்தான் கற்றுக்கொள்ளும், எண்ணை அல்ல. கையால் தொடுவது, படமாகப் பார்ப்பது, பிறகு எண்ணாக எழுதுவது என்ற மூன்று படிகளை 1980களிலிருந்தே நம் பள்ளிகள் பின்பற்றி வருகின்றன. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனரின் சிந்தனையிலிருந்து வந்த முறை அது. வீட்டில் நாம் செய்யக்கூடியது முதல் படியை அவசரமில்லாமல் நீட்டிப்பது. வகுப்பில் முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆசிரியர் அந்தப் படியில் அதிக நேரம் நிற்க முடியாது. நம்மால் முடியும்.

குச்சியை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், குச்சியில் பத்தைப் பிள்ளையே உண்டாக்குகிறது. பத்துக் குச்சியை எண்ணி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டும்போது பத்து தனிப் பொருளுமாக இருக்கிறது, ஒரே கட்டுமாக இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை என்பதுதான் இடமதிப்பின் உயிர். ஐஸ்கிரீம் குச்சி வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். ரப்பர் பேண்டை வாங்கவே வேண்டாம், கோப்பிக்கடையில் பொட்டலம் கட்டி வாங்கினால் தானாக வந்துவிடும்.

தொடக்கத்தில் என்ன நடக்கும் என்றால், பிள்ளை கட்டிய கட்டையே திரும்பத் திரும்ப எண்ணும். மூன்று கட்டும் நான்கு உதிரியும் இருந்தால், கட்டை அவிழ்க்காமலே விரலால் தடவி ஒன்று, இரண்டு என்று 34 வரை வரும். தடுக்கக்கூடாது, எண்ணட்டும். சில நாளில் அலுத்துப்போய், "பத்து, இருபது, முப்பது" என்று கட்டைத் தொட்டுத் தாவ ஆரம்பிக்கும். என்னிடம் வரும் ஒரு சிறுமியின் வீட்டில் பாட்டிதான் இந்தக் குச்சி வேலையைப் பார்த்துக்கொள்கிறார். ஒருநாள் நான் போயிருந்தபோது பாட்டி ஒரு குச்சிக் கட்டை எடுத்து நீட்டினார்.

"இது எத்தனை, கண்ணு?"

"பத்து, பாட்டி."

"எண்ணவே இல்லையே, எப்படித் தெரியும்?"

"நான்தானே கட்டுனேன்!"

அந்தப் பதிலுக்காகத்தான் இவ்வளவும். கடையில் வாங்கும் கட்டையில் பத்து என்று தொழிற்சாலை முடிவு செய்து வைத்திருக்கிறது. குச்சிக் கட்டில் பத்து என்று பிள்ளை முடிவு செய்கிறது.

கழித்தல் வரும்போது குச்சியின் அருமை இன்னும் தெரியும். 34-இலிருந்து 8 எடுக்க வேண்டும், உதிரி நான்குதான் இருக்கிறது. பிள்ளை கொஞ்ச நேரம் விழிக்கும். பிறகு தானாகவே ஒரு கட்டை அவிழ்க்கும். இப்போது உதிரி 14, எட்டை எடுத்தால் ஆறு, மிச்சம் இரண்டு கட்டு, 26. 'கடன் வாங்குதல்' என்று நாம் படித்த காலத்தில் மனப்பாடம் செய்த வித்தை இங்கே ஒரு ரப்பர் பேண்டு கழற்றும் வேலை. மேலே இருக்கும் 3-ஐ அடித்து 2 போடு என்று சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லை.

குறையும் இருக்கிறது. நூறு குச்சியைப் பத்துக் கட்டாகக் கட்டி, அந்தப் பத்தையும் சேர்த்து ஒரு பெரிய கட்டாகப் போடுவதை ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும். நூறின் பருமன் இரண்டு கைக்குள் அடங்காமல் நிற்பதைப் பிள்ளை மறக்காது. ஆனால் முந்நூறைத் தாண்டினால் வீடு குச்சிக்காடாகிவிடும். தொடக்கநிலை இரண்டின் நடுவில் குச்சிக்கு விடை கொடுத்துவிடலாம்.

அந்த இடத்தில்தான் கட்டைகள் வருகின்றன. பேஸ் டென் பிளாக்ஸ் என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு சென்டிமீட்டர் கனசதுரம் ஒன்று, பத்து சேர்ந்த நீளக் கோல், நூறு சேர்ந்த சதுரப் பலகை, ஆயிரத்துக்கு ஒரு பெரிய கனசதுரம். ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் சோல்டான் டீன்ஸ் பெயரோடு இவை உலகெங்கும் பரவின. இவற்றின் பெரிய பலம் அளவு பொய் சொல்லாது என்பது. நூறு பார்வைக்கே பத்தைப்போலப் பத்து மடங்கு இருக்கிறது. 300-க்கும் 30-க்கும் உள்ள தூரத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது, கோலை உடைக்க முடியாது. ஒரு பத்தைக் கொடுத்துவிட்டுப் பத்து ஒன்றுகளை மாற்றி வாங்க வேண்டும். அவிழ்ப்பது வேறு, மாற்றுவது வேறு. குச்சியில் அவிழ்த்துப் பழகிய பிள்ளைக்கு மாற்றுவது நியாயமாகப் படும். பழகாத பிள்ளைக்கு அது பெரியவர்கள் வைத்த சட்டம், அவ்வளவுதான். இரண்டாவது, ஆயிரத்தின் கனசதுரம். அதைக் கையில் கொடுத்து "இதில் எத்தனை" என்று கேட்டால் சில பிள்ளைகள் 600 என்பார்கள். பக்கத்துக்கு நூறு கட்டம், ஆறு பக்கம், ஆகவே அறுநூறு. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாதே! பிள்ளையின் கணக்கு தப்பில்லை, பொருள்தான் ஏமாற்றுகிறது. நூறின் பலகைகள் பத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பெரிய கனசதுரத்தின் பக்கத்தில் வைத்து உயரம் பார்க்கச் சொன்னால் தீர்ந்தது. வாங்கும்போதே நூறின் பலகை குறைந்தது பத்து இருக்கும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். சிறிய பெட்டிகளில் அவ்வளவு இருக்காது. காசு கையைக் கடித்தால், ஒன்றோடொன்று கோத்துக் கழற்றக்கூடிய சின்னக் கனசதுரங்கள் போதும். அவற்றில் பத்தைக் கோக்கவும் முடியும், உடைக்கவும் முடியும். மான்டிசோரி பாலர் பள்ளிகளில் பார்க்கும் பொன்நிற மணிகளும் இதே கருத்துதான், அழகானவை. ஆனால் வீட்டுக்கென்று வாங்கும் அளவுக்கு அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது எண் வட்டுகள். 1, 10, 100, 1000 என்று எழுதிய, ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் இருக்கும் வட்டமான வில்லைகள். சிங்கப்பூர்க் கணக்கு என்றாலே வெளிநாட்டில் இவற்றைத்தான் காட்டுகிறார்கள், நம் பாடநூல்களிலும் வரும். நான்கு இலக்க எண்களைக் கூட்டவும் கழிக்கவும் இவைபோல வசதியானது இல்லை. 4,608-ஐக் கட்டையில் அடுக்கினால் மேசை கொள்ளாது, வட்டில் பதினெட்டு வில்லையில் முடிந்துவிடும். பத்தால் பெருக்கினால் ஒவ்வொரு வட்டும் ஓர் இடம் இடப்பக்கம் தாவுவதையும் அழகாகக் காட்டலாம்.

ஆனால் ஆயிரம் வட்டும் ஒன்று வட்டும் ஒரே பருமன். மதிப்பு முழுக்க எழுத்திலும் நிறத்திலும்தான் இருக்கிறது. இதைச் சின்னப் பிள்ளையிடம் சீக்கிரம் கொடுத்தால் நடப்பது என்னவென்று பார்க்க விரும்பினால், ஒரு பக்கம் 10 என்று எழுதிய ஒன்பது வட்டுகளையும் மறுபக்கம் 100 என்று எழுதிய ஒரே ஒரு வட்டையும் வைத்து எது அதிகம் என்று கேட்டுப் பாருங்கள். ஒன்பது வட்டுக் குவியலைக் காட்டும் பிள்ளைக்கு வட்டு இன்னும் வெறும் வில்லைதான். மறுபடி குச்சிக்குப் போக வேண்டும். தொடக்கநிலை மூன்றில் இருக்கும் பிள்ளை என்றாலும் வெட்கப்படாமல் போங்கள், ஒன்றும் குறைந்துபோகாது. வட்டுக்குக் காசு செலவழிக்கவும் வேண்டாம். தடித்த வண்ணத்தாளில் வட்டம் வெட்டி எண்ணை எழுதிக்கொண்டால் அதே வேலை நடக்கும்.

"இவ்வளவு எதற்கு, காசை வைத்தே சொல்லித் தரலாமே" என்று தாத்தாக்கள் கேட்பார்கள். ஒரு வெள்ளி நாணயம், பத்து வெள்ளி நோட்டு, நூறு வெள்ளி நோட்டு என்று எடுத்துக்கொண்டால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. காசு என்றால் பிள்ளைகளுக்கு ஆர்வமும் வரும். ஆனால் காசும் வட்டுப் போலத்தான். நூறு வெள்ளித் தாளுக்குள் நூறு ஒரு வெள்ளி தெரியாது. அப்புறம் நடுவில் 2, 5, 50 வெள்ளி நோட்டுகள் வந்து பத்தின் வரிசையைக் கலைக்கும். அவற்றை எடுத்து ஒளித்துவைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆயிரம் வெள்ளி நோட்டு வெளியிடுவதை 2021 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள், ஆகவே ஆயிரத்துக்கு வழியில்லை. இப்போதெல்லாம் அம்மா அப்பா கைப்பேசியைத் தட்டிப் பணம் கட்டுவதைத்தான் பிள்ளைகள் பார்க்கிறார்கள். தீபாவளிக்கு உறையில் வரும் நோட்டைத் தவிரக் கையில் காசு படுவதே அரிது. காசைப் பின்னால் தசமத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 3 வெள்ளி 5 காசை 3.5 என்று எழுதும் தப்பைத் திருத்த அதைவிட நல்ல பொருள் இல்லை.

இனி எண்ணை வாசிப்பதும் எழுதுவதும். இதில் நான் பிடிவாதமாக நிற்கும் ஒரு பொருள் உண்டு, அது ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் எண் அட்டைகள். "இருநூற்று ஐந்து எழுது" என்றால் 2005 என்று எழுதும் பிள்ளை எல்லா வீட்டிலும் இருக்கும். ஆங்கிலத்தில் கேட்டாலும் அப்படித்தான் எழுதும். காதில் விழுந்தது இருநூறும் ஐந்தும். 200 எழுதத் தெரியும், 5 எழுதத் தெரியும், இரண்டையும் எழுதிவிட்டது. இதில் புத்திக்குறைவு ஒன்றுமில்லை. கேட்டதை நேர்மையாக எழுதியிருக்கிறது.

அட்டையில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பழைய நாள்காட்டியின் தடித்த தாளை எடுத்து, ஒரே அகலக் கட்டங்களாகக் கோடு போடுங்கள். ஒரு கட்டத்தில் 1 முதல் 9 வரை, இரண்டு கட்ட நீளத்தில் 10, 20 என்று 90 வரை, மூன்று கட்டத்தில் 100 முதல் 900 வரை, நான்கு கட்டத்தில் ஆயிரங்கள். 200 அட்டையை வைத்து, வலது ஓரம் ஒட்டி 5 அட்டையை அதன்மேல் வையுங்கள். கடைசிப் பூஜ்யத்தை மறைத்துக்கொண்டு ஐந்து உட்காரும். 205. நடுவில் இருக்கும் பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பிள்ளை ஐந்தை எடுத்துவிட்டு இருநூறின் பூஜ்யத்தைக் காட்டும். பத்துகள் ஒன்றும் இல்லாததால் அந்தப் பூஜ்யம் மறையாமல் வெளியே நிற்கிறது. வாய்ப்பேச்சில் அரை மணி நேரம் விளக்கினாலும் வராத தெளிவு இது. 4,608-ஐயும் 3,040-ஐயும் இப்படியே அடுக்கிப் பிரித்து விளையாடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் அட்டை, மறுபக்கம் அதே எண்ணைக் குச்சியிலோ கட்டையிலோ வைப்பது இன்னும் நல்லது.

இதோடு ஒப்பிட்டால், பயிற்சிப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக வரும் இடமதிப்பு அட்டவணைக்கு நான் அவ்வளவு மதிப்புத் தரமாட்டேன். "472-இல் பத்துகளின் இடத்தில் உள்ள இலக்கம் எது" என்ற கேள்விக்கு, வலமிருந்து இரண்டாவது பெட்டியைப் பார்த்து 7 என்று எழுதிவிடலாம். அந்த ஏழு எழுபது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதையே "472 குச்சி இருந்தால் எத்தனை பத்துக் கட்டு போடலாம்" என்று கேளுங்கள். 47 என்று சொல்லும் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது. 7 என்று சொன்னால் அட்டவணை ஏமாற்றியிருக்கிறது.

எண்ணை எந்த மொழியில் சொல்லித் தருவது என்பது தமிழ்க் குடும்பங்களில் கட்டாயம் எழும் கேள்வி. பள்ளியில் கணக்கு ஆங்கிலத்தில். வீட்டில் பாட்டி தமிழில் எண்ணுகிறார். குழப்பிவிடுமோ என்று பயந்து பாட்டியை நிறுத்தச் சொல்லும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். 11 முதல் 19 வரை தமிழ் பெரிய உதவி. பதினான்கு என்னும்போது பத்து முதலில் வருகிறது, நான்கு பின்னால் வருகிறது, எழுதும் வரிசையும் அதுவே. ஃபோர்ட்டீனில் நான்கு முதலில் காதில் விழுவதால் பிள்ளை 41 என்று எழுதும். தர்ட்டீனும் தர்ட்டியும் குழம்பும் அளவுக்குப் பதின்மூன்றும் முப்பதும் குழம்பாது. தமிழிலும் ஒரு முடிச்சு உண்டு: தொண்ணூறு, தொள்ளாயிரம். தொண்ணூறு என்றதும் நூறு அட்டையைத் தேடும் பிள்ளைக்கு ஒன்பது கட்டுக் குச்சியை எடுத்து வைத்து, இதன் பெயர் தொண்ணூறு என்று காட்டிவிட்டால் போதும்.

பெரிய எண்ணில் இரு மொழிகளும் பிரியும் இடம் 100,000. அதுவரை ஆயிரம் ஆயிரமாகவே இரண்டும் நடக்கின்றன. ஒரு லட்சத்தில் தமிழ் புதுப் பெயர் வைக்கிறது, ஆங்கிலம் நூறு ஆயிரம் என்கிறது. சீன மொழி படிக்கும் நண்பர்களுக்கு இந்தப் பிரிவு 10,000-த்திலேயே வந்துவிடுகிறது, அங்கே அதற்குத் தனிப்பெயர். ஆகத் தொடக்கநிலை நான்கு வரை நம் பிள்ளைகளுக்கு மோதலே கிடையாது. அதன்பிறகு, 650,000 வெள்ளிக்கு விற்ற வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைத் தாத்தா "ஆறரை லட்சம்" என்றால், அது 650 ஆயிரமேதான் என்று மூன்று மூன்றாகப் பிரித்துக் காட்டிவிடுங்கள். இந்தியாவிலிருந்து வரும் புத்தகத்தில் 6,50,000 என்று காற்புள்ளி இடம் மாறியிருக்கும். பள்ளிப் பாடநூலிலோ காற்புள்ளிக்குப் பதில் சின்ன இடைவெளிதான் இருக்கும். மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் காட்டினால் பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கும்.

வாசிக்கப் பழக்குவதற்கு வெளியே போகும்போது எண்களைக் காட்டுவது நல்ல வழக்கம். எந்த எண்ணைக் காட்டுகிறோம் என்பதில் கவனம் இருக்கட்டும். பேருந்து 147-ஐ நாம் ஒன், ஃபோர், செவன் என்றுதான் படிக்கிறோம். ஆறு இலக்க அஞ்சல் குறியீடும் அப்படியே. அவை அடையாளங்கள், அளவுகள் அல்ல. அவற்றை வைத்து இடமதிப்பு சொல்லித்தரப் போனால் பிள்ளை எல்லா எண்ணையும் இலக்கம் இலக்கமாகப் படிக்கும் பழக்கத்துக்குத்தான் போகும். அளவைச் சொல்லும் எண்களைத் தேடுங்கள். பால் பெட்டியில் 1,000 மில்லிலிட்டர். புக்கிட் தீமா குன்று ஏறக்குறைய 164 மீட்டர், சிங்கப்பூர் ஃபிளையர் ராட்டினம் 165 மீட்டர். எது உயரம், எந்த இடத்தில் வித்தியாசம்? காலாங்கில் உள்ள தேசிய விளையாட்டரங்கில் 55,000 பேர் உட்காரலாம். அதில் இரண்டு ஐந்து இருக்கிறதே, எந்த ஐந்து பெரியது? பேருந்தில் போகிற வழியில் கேட்கத் தோதான கேள்வி.

கடைசியாக மணிச்சட்டம், அதாவது அபாகஸ் வகுப்பு. நிறையப் பேர் அதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக் கேட்கிறார்கள். மேலே ஒரு மணி, கீழே நான்கு மணி உள்ள ஜப்பானிய வகைச் சட்டத்தில் மேல் மணிக்கு ஐந்து மதிப்பு, கம்பி மாறினால் பத்து மடங்கு. வேகமும் மனக்கணக்கும் வேண்டுமென்றால் அது நல்ல பயிற்சி. இடமதிப்பைப் புரிய வைக்கும் என்று நினைத்துப் பணம் கட்டுவதாக இருந்தால் வேண்டாம் என்பேன். மணிகள் எல்லாம் ஒரே அளவு, மதிப்பு கம்பியின் இடத்தில் மட்டுமே இருக்கிறது, விரல் நகர்த்தும் விதிகளை ஒப்பித்தே விடை கொண்டுவந்துவிடலாம். ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்கள் என்றால் நிறுத்தச் சொல்லவில்லை. வீட்டில் ஒன்றை மட்டும் செய்யுங்கள். சட்டத்தில் ஓர் எண்ணை வைக்கச் சொல்லி, அதையே எண் அட்டையில் அடுக்கி, வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நடுவில் காலியாக இருக்கும் கம்பிக்கு அட்டையில் எது நிற்கிறது என்று கேளுங்கள். பூஜ்யத்தைத் தொட்டுக் காட்டினால் வகுப்பு தொடரட்டும். காட்டாவிட்டால் கொஞ்ச நாளைக்குச் சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, குச்சியையும் ரப்பர் பேண்டையும் எடுங்கள்.